இரண்டு விரல் பூட்டு

“பொண்ணோட விரல் மட்டும் போதும்ங்க ஐயா. ரெண்டே நிமிஷம். வச்சிட்டு எடுத்துடலாம்.”

மணப்பெண்ணின் தகப்பன் நமசிவாயம், பட்டு வேட்டித் தலைப்பைக் கையில் பிடித்தபடி, தனக்கு முன்னால் வியர்த்து வழிந்துகொண்டு நின்ற மனிதனை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது அந்தக் கலியாண மண்டபம். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் சந்தனம் தொட்டு, கற்கண்டு எடுத்து, சிரித்துவிட்டு உள்ளே போனார்கள். இந்த ஆள் எதையும் தொடவில்லை. முதுகில் ஒரு கறுப்புப் பை. காலில் ரப்பர் செருப்பு. நெற்றி நிறையத் திருநீறு. வாயைத் திறந்ததும் பெண்ணின் விரலைக் கேட்கிறான்.

“தம்பி, நீர் ஆர்?”

“கிருஷ்ணராஜுங்க. சுபோ வேலை செய்ற ஒபிஸ். நாங்க ஒரே டீம்.”

“ஓ, பகல் சாப்பாட்டுக்கு வாறதெண்டு சொன்ன ஆக்கள். அதுக்கு இன்னும் நேரம் கிடக்கு. பசிக்குதோ?”

“பசி இல்லீங்க. பூட்டு.”

“என்ன பூட்டு?”

கிருஷ்ணராஜ் முதுகுப் பையை இறக்கி வைத்தான். எங்கிருந்து தொடங்குவது?

காலி வீதியில் ஒரு சேலைக் கடைக்கு மேலே அவர்களுடைய ஒபிஸ். ஆறே பேர். நோர்வேயில் சில முதியோர் இல்லங்களுக்கு அவர்கள்தான் மென்பொருள் செய்து கொடுத்துப் பராமரிக்கிறார்கள். எந்த முதியவருக்கு எந்த மருந்துக் குளிசை, எப்போது என்பதை அங்குள்ள தாதிமார் அதில் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஆறு பேருக்கும் சோறு போடுவது அந்த ஒரு ஒப்பந்தம்தான்.

அந்த விபரங்கள் எல்லாவற்றையும் காப்பது ஒரு பெட்டகம். இரும்புப் பெட்டகம் அல்ல, கணினிக்குள் இருப்பது. அதற்குப் பூட்டுப் போட்டவன் கிருஷ்ணராஜ். யாராவது, ஒபிஸ் லப்டொப்பிலேயே ஆனாலும், பிழையான கடவுச்சொல்லை ஐந்து தரம் அடித்தால் பெட்டகம் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். பிறகு அதைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் கிருஷ்ணராஜ், மற்றவள் சுபோதினி. இருவரும் ஒரே நேரத்தில், தங்கள் தங்கள் போனில், விரலை வைக்க வேண்டும். அல்லது முகத்தைக் காட்ட வேண்டும். இலக்கம் அடித்துத் திறக்கும் வழி முன்பு இருந்தது. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரன் எட்டிப் பார்த்துவிடுவான் என்று அதையும் கிருஷ்ணராஜ்தான் எடுத்துவிட்டான்.

“மூண்டாவது ஆள் ஒருத்தர் இருக்கட்டுமே” என்று முதலாளி சவுந்தரநாயகம் அப்போதே கேட்டார்.

“மூணாவது ஆள் வந்தா அது பூட்டு இல்ல சேர், பஸ் ஸ்டாண்டு” என்று கிருஷ்ணராஜ் சொன்னான்.

“உங்கள் ரெண்டு பேரில ஒராள் செத்துப் போனா?”

அதற்கும் கிருஷ்ணராஜிடம் ஏற்பாடு இருந்தது. வங்கி லொக்கர் ஒன்றில் மாற்றுச் சாவி. ஆனால் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வங்கி பூட்டு. சாவுக்கு எல்லாம் யோசித்து வைத்தவன், கலியாணத்துக்கு ஒன்றும் யோசிக்கவில்லை.

விடியற்காலையில் யாரோ ஐந்து தரம் அடித்திருக்கிறார்கள். பெட்டகம் அடைத்துக்கொண்டது. ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் வரிசையில் நின்றவனுக்குத் தகவல் வந்தபோது தீபாராதனைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த தகவல் நோர்வேயின் இரவுப் பணியாளரிடமிருந்து. காலை மருந்துக்கு முன் திறக்க வேண்டும். உள்ளே புகப் பார்த்தது யாரென்று பெயரும் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் ஒப்பந்தம் இல்லை.

இவ்வளவையும் ஒரு மணப்பெண்ணின் தகப்பனிடம் வாசலில் வைத்துச் சொல்ல முடியுமா? கிருஷ்ணராஜ் சுருக்கினான்.

“அவங்க விரல வைக்காட்டி நோர்வேயில வயசானவங்களுக்கு மருந்து இல்லீங்க ஐயா.”

“கலியாணம் முடிய வாரும்.”

“அதுக்குள்ள அங்க விடிஞ்சிடும்ங்க.”

“நோர்வேயில விடிஞ்சா உமக்கென்ன?”

பின்னால் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும் சத்தம் கேட்டது. மேளம் முழங்கியது. நமசிவாயத்துக்கு இந்த ஆளை வாசலிலிருந்து அகற்றினால் போதும் என்றாகிவிட்டது.

“ரெண்டு நிமிஷம். மணப்பெண் அறைக் கதவு திறந்தபடி இருக்க வேணும். விளங்குதோ?”

“சத்தியமா ஐயா.”

அறைக்குள் நுழைந்த மறுகணம் மேக்கப் செய்யும் நஸ்லா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

“ஐயோ, தொறந்து வைங்க!”

“தொறந்தா ஏசி போயிரும் சேர். ஏசி போனா மேக்கப் உருகிரும். நான் சுபஹு தொழுதிட்டு வந்து தொடங்கின வேல இது.”

சுபோதினி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்து அசையவில்லை. கண்கள் மட்டும் அசைந்தன.

“அண்ணா! என்ன, கோயிலால நேர வாறீங்களோ?”

“சுபோ, பெட்டகம் அடச்சிக்கிச்சு.”

அவள் முகத்தில் என்ன மாற்றம் வந்தது என்று தெரியவில்லை. வந்திருந்தாலும் அந்தப் பூச்சைத் தாண்டி வெளியே வர வழி இருக்கவில்லை.

“எப்ப?”

“விடியக்காலைல. யாரோ அஞ்சு தரம் தப்பா அடிச்சிருக்காங்க.”

“ஆர்?”

“உள்ள போனாத்தான் தெரியும். நிஷாந்தி ரஷ்யாங்குறா.”

“அவளுக்கு எல்லாம் ரஷ்யாதான். போன கிழமை பிரின்டர் வேலை செய்யாததுக்கும் ரஷ்யா எண்டவள். என்ர போனைத் தாங்கோ நஸ்லா.”

சுபோதினி வலது கைப் பெருவிரலைப் போனில் வைத்தாள். போன் ஏற்கவில்லை. மறுபடி வைத்தாள். ஏற்கவில்லை.

கிருஷ்ணராஜ் அந்த விரலைக் குனிந்து பார்த்தான். நுனியிலிருந்து இரண்டாம் கணு வரை மருதாணி. கறுப்புக்கு அடுத்த சிவப்பு. விரல் ரேகை என்று ஒன்று அங்கே இருந்ததற்கான அடையாளமே இல்லை.

“எலுமிச்சங்கா சாறும் சீனியும் பூசிப் பூசி எடுத்த நெறம்” என்றாள் நஸ்லா பெருமையாக. “ரெண்டு கெழமைக்குப் போகாது.”

“ரெண்டு கிழமையா?”

“கேரண்டி சேர்.”

தேங்காய் எண்ணெய் தேய்த்தால் கொஞ்சம் இளகும் என்று அவளே ஒரு யோசனை சொன்னாள். தேய்த்தார்கள். விரல் போனிலிருந்து வழுக்கிக்கொண்டு போனது. துடைத்துவிட்டு வைத்தார்கள். சுண்டு விரலை வைத்தார்கள். இத்தனை தரம் பிழையாக வைத்தது யாரோ திருடனாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்த போன், விரல் வழியை அடைத்தே விட்டது. அப்படி முடிவு செய்யும்படி அதற்குச் சொல்லி வைத்தவனும் கிருஷ்ணராஜ்தான்.

“முகம் இருக்கு” என்றான் அவன், தன்னைத் தேற்றிக்கொண்டு. “முகத்தக் காட்டு சுபோ.”

சுபோதினி போனைப் பார்த்தாள். போன் சுபோதினியைப் பார்த்தது. பிறகு, இந்த முகத்தைத் தனக்குத் தெரியாது என்று அறிவித்தது.

நஸ்லாவின் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா சேர்? அவட போனுக்கே அவவ தெரியல்ல! இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்?”

நெற்றிச்சுட்டியைக் கழற்றிப் பார்த்தார்கள். தெரியாது. ஒட்டு இமைகளைப் பிடுங்கிப் பார்த்தார்கள். தெரியாது.

“கழுவணும்” என்றான் கிருஷ்ணராஜ்.

“என்னத்தக் கழுவச் சொல்றீங்க?” நஸ்லா சீப்பை நீட்டிக்கொண்டு அவனுக்கும் சுபோதினிக்கும் நடுவே வந்து நின்றாள். “ஒங்கட பூட்ட ஒடைங்க. இத ஒடைக்க ஏலாது.”

கதவு தட்டப்பட்டது. “பெண்ணை அழைச்சு வரட்டாம், குருக்கள் கேக்கிறார்!” என்று ஒரு பெண்குரல்.

சுபோதினி எழுந்தாள். அவள் பதறவில்லை. பதற்றமான வேளைகளில் அவள் குரல் இன்னும் தணிந்துவிடும். அதனால்தான் அவளை இரண்டாவது ஆளாக அவன் தேர்ந்தெடுத்தான்.

“அண்ணா, முதல் வரவு இது. பிறகு கூறைச் சேலை தருவினம். அதை மாத்த நான் திரும்பி இந்த அறைக்கு வருவன். அப்ப கழுவலாம். அதுக்கு முன்னம் மணவறையில ஒருக்கால் காட்டிப் பாருங்கோ. அங்க வெளிச்சம் கூடுதல், சில வேளை போனுக்கு முகம் பிடிபடும்.” தன் போனை அவனிடம் கொடுத்துவிட்டுக் குனிந்த தலையோடு வெளியே போனாள்.

ஓமப்புகை மண்டபம் முழுக்கப் பரவியிருந்தது. கடற்கரையோரமாக ரயில் ஒன்று போக, குருக்களின் மந்திரம் சிறிது நேரம் உதட்டசைவாக மட்டும் தெரிந்தது. வீடியோக்காரர்களுக்குப் பக்கத்தில் கிருஷ்ணராஜ் இடம் பிடித்து நின்றான். சுபோதினியின் போனை அவள் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தான்.

“கொஞ்சம் நிமிரு” என்று உதட்டை அசைத்தான்.

அவள் நிமிர்ந்தாள்.

“கண்ண தொற.”

அவள் திறந்தாள். புகை புகுந்தது. கண்களிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. அவள் துடைக்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் தாய் அருந்ததி இதைக் கண்டார். மாப்பிள்ளை பக்கம் ஒரு தரமும் திரும்பாத பெண், திருநீறு பூசிய யாரோ ஒருவனைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறாள்.

“அண்ணை, ஆர் அந்தப் பெடியன்?” என்று அவர் நமசிவாயத்தைக் கேட்டார்.

“ஒபிஸில வேலை செய்யிற தம்பி.”

“அவன்ர கையில இருக்கிறது சுபோதினியின்ர போன் எல்லோ? பின்பக்கத்தில பூனை படம் போட்டது?”

நமசிவாயம் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பூனை படம் தெரியும்.

கிருஷ்ணராஜின் சட்டைப் பையில் அவனுடைய போன் அதிர்ந்தது. ஒபிஸில் இருந்த நிஷாந்தி.

“கிருஷ்ணா அண்ணே, நோர்வேகாரங்க முழிச்சிட்டாங்க. சவுந்தரநாயகம் சேர் ஸூம்ல உக்காந்திருக்காரு. ‘ரெண்டாவது ஆள் எங்க’ன்னு கேக்குறாங்களாம்.”

“கல்யாணத்துலன்னு சொல்லச் சொல்லு.”

“சொல்லிட்டாரு. ‘கல்யாணத்துக்குப் போனவர கூப்பிடுங்க’ங்குறாங்க. கல்யாணமே அவங்களுக்குத்தான்னு சொல்ல சேருக்கு வெக்கமா இருக்காம்.”

மணவறையில் மாப்பிள்ளை பிரணவன் தட்டில் கூறைச் சேலையை வைத்துக் கொடுத்தான். சுபோதினி இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு எழுந்தாள். கிருஷ்ணராஜ் கதிரைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து அவளுக்குப் பின்னால் விரைந்தான். ஒரு தோளில் இடித்தான், ஒரு பூத்தட்டைத் தட்டினான். “மன்னிக்கணும்ங்க, மன்னிக்கணும்ங்க” என்ற அவன் குரல் நாதஸ்வரத்துக்கும் மேலாகக் கேட்டது. மண்டபத்தின் பாதித் தலைகள் திரும்பின.

கூறையை உடுத்தி முடிக்கும்வரை வெளியே நின்றான். பிறகு நஸ்லா கதவைத் திறந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

“வாங்க. கழுவிட்டேன்.”

சுபோதினியின் முகம் பழைய முகமாகியிருந்தது. ஒபிஸில் தேநீரோடு வந்து உட்காரும் அதே முகம். கன்னத்தில் நீர் சொட்டியது.

“யா அல்லாஹ், இப்ப முகூர்த்தத்துக்குள்ள திரும்ப எப்பிடிப் போடுற…” என்று நஸ்லா பஞ்சைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

கிருஷ்ணராஜ் சுபோதினிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். இரண்டு போன்களையும் ஒன்றாகப் பிடித்தான். இருவரும் ஒரே நேரத்தில். ஒரு கணம் பிந்தினாலும் மறுபடி முதலிலிருந்து. அவனுடைய பெருவிரல் தயார். அவளுடைய முகம் தயார். தலையோடு தலை சேர்த்துக் குனிந்தார்கள்.

“நான் மூணு சொல்லும்போது” என்றான். “பயப்படாத. ஒண்ணு… ரெண்டு… மூணு!”

கதவு திறந்தது. மல்லிகைச் சரத்தோடு அருந்ததி. அவருக்குப் பின்னால் நமசிவாயம்.

“தொறந்திருச்சு!” என்று கிருஷ்ணராஜ் துள்ளினான். சுபோதினிக்கு, காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது.

அருந்ததியின் கையிலிருந்த சரம் தொங்கியது.

“என்ன திறந்தது?”

“பெட்டகம் அம்மா.”

“ஆற்ற பெட்டகம்?”

“எங்க ரெண்டு பேரோடதும்தான்” என்றான் கிருஷ்ணராஜ், மூச்சு வாங்க. உண்மையை உண்மையாகவே சொல்லிவிடுவது நல்லது என்று அவனுக்குப் பட்டது. “நாங்க ரெண்டு பேரும் சேந்தாத்தான் தொறக்கும். வேற யாருக்கும் தொறக்காது. மூணு வருஷமா அப்பிடித்தான் வச்சிருக்கோம்.”

நமசிவாயம் அருந்ததியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“அப்பா, அது வேலை அப்பா!” என்றாள் சுபோதினி. “கொம்பியூட்டர் பூட்டு!”

“கொம்பியூட்டருக்கு ஏன் பிள்ளை முகம் கழுவினனி?” என்று கேட்டார் நமசிவாயம். அருந்ததி சரத்தை மேசையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போனார். அவர் பேசாமல் போனதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது.

கிருஷ்ணராஜின் போன் அலறியது. ஸ்பீக்கரில் போட்டான்.

“அண்ணே, தொறந்திருச்சு! தாதிமாருக்கு எல்லாம் தெரியுதாம். மருந்து குடுக்கத் தொடங்கிட்டாங்க.” நிஷாந்தி ஒரு நொடி நின்றாள். “அண்ணே… பதிவப் பாத்தேன். யார் அடிச்சதுன்னு.”

“ரஷ்யாவா?”

“இல்லண்ணே. சுபோ அக்காட லப்டொப்.”

கிருஷ்ணராஜ் சுபோதினியைத் திரும்பிப் பார்த்தான்.

“நான் இல்லை அண்ணா” என்றாள் சுபோதினி.

“இல்ல சேர், அவ இல்ல” என்றாள் நஸ்லா. “விடிய முந்தி தொட்டு என்ட கதிரையில இருந்தவ. கையில மருதாணி. டீ கூட நான்தான் பருக்கின.”

“லப்டொப் எங்க?”

“என்ர பச்சைச் சூட்கேசுக்குள்ள. லீவில போனாலும் லப்டொப் பக்கத்தில இருக்க வேணுமெண்டு நீங்கதானே சொன்னனீங்கள். பூட்டித்தான் வைச்சனான்.” அவள் அறையின் மூலையைப் பார்த்தாள். இரண்டு பைகள் கிடந்தன. பச்சை நிறத்தில் ஒன்றும் இல்லை. “அப்பா, என்ர சூட்கேஸ்?”

“இப்ப சூட்கேஸ்தான் பிரச்சினையோ?” என்றார் நமசிவாயம். “சாமான் எல்லாம் நேற்றே வேனில ஏத்தி, போக வேண்டிய இடத்துக்கு அனுப்பியாச்சு. அங்க உன்ர கலியாணம் போகுது, அதைப் பார்.”

“வேன்காரன்!” என்றான் கிருஷ்ணராஜ்.

“அப்போ ரஷ்யாக்காரன் வேன்லயா வந்தான்?” என்றாள் நிஷாந்தி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அண்ணே, பேரு வேணுமாம். முகூர்த்தம் அது இதுன்னு சேர் சமாளிச்சிட்டு இருக்காரு. இனி அஞ்சு பத்து நிமிஷம்தான். வேன்காரன்னு நம்மளால காட்ட முடியுமா? உங்க ரூல்தானே… யார் மெசினோ அவங்க பேரு. அவங்கள உடன வேலைல இருந்து நிப்பாட்டணும்.”

அது கிருஷ்ணராஜின் ரூல்தான். எழுத்துக்கு எழுத்து அவன் எழுதியது. விதிவிலக்கு இல்லை என்று கடைசி வரியும் அவனே சேர்த்திருந்தான்.

சுபோதினி கன்னத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் வேலையை விடச் சொன்னபோது, வேலை இல்லாமல் கலியாணம் இல்லை என்று சொல்லி நின்றவள் அவள். ஒபிஸில் எல்லாருக்கும் அது தெரியும்.

“போடுங்கோ அண்ணா” என்றாள். “என்ர மெசின். என்ர பேர். ஆறு பேற்ற சோறு. நஸ்லா, கொஞ்சமாப் பூசி விடுங்கோ, போவம்.”

மணவறைக்குத் திரும்பியபோது மண்டபம் மாறியிருந்தது. காலையில் சளசளத்த வாய்கள் இப்போது கைகளுக்குப் பின்னால் இருந்தன. கூறையில் வந்த பெண்ணின் முகம் முன்பு போன முகம் இல்லை என்பதை எல்லாரும் கண்டார்கள். இடையில் என்ன நடந்தது என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பக்கத்தவருக்குச் சொன்னார்கள். தாலித் தட்டு சபைக்கு ஆசி வாங்கப் போய் வந்தது. தொட்டவர்கள் தட்டைப் பார்க்காமல் மணவறையைப் பார்த்துத் தொட்டார்கள்.

“பூட்டாம், பெட்டகமாம்…”

“ஜிந்துப்பிட்டிப் பெடியனாம்.”

“மூண்டு வருஷமாம்.”

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் எழுந்து நின்றே கேட்டுவிட்டார்: “இதை இப்பவே விசாரிச்சுப் போட்டுக் கட்டினால் என்ன?”

நாதஸ்வரக்காரர் குருக்களைப் பார்த்தார். குருக்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிரணவன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு அக்கினியைப் பார்த்தான். நமசிவாயம் ஒரு கதிரையில் உட்கார்ந்தார். அது யாருடைய கதிரை என்று பார்க்கவில்லை.

தூணோரம் நின்ற கிருஷ்ணராஜின் கையில் போன். முதலாளிக்கு அனுப்ப வேண்டிய மெசேஜ் அதில் பாதியாக நின்றது. ‘உள்ளே புக முயன்றவர்’ என்று எழுதி, அதற்குப் பிறகு பெயருக்கு இடம் விட்டிருந்தான். ‘சு’ என்று அடித்தான். அழித்தான். மறுபடி அடித்தான்.

அவன் தலை நிமிர்ந்தபோது சுபோதினி யாரையும் பார்க்காமல் இருந்தாள். அவனுடைய ரூலுக்காக வேலையை விட்டுக்கொடுத்தாள். இப்போது நல்ல பெயரும் போகிறது, அவனால்தான். குறைந்தது இதையாவது திருத்த வேண்டும். கிருஷ்ணராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு மணவறைப் படியில் ஏறினான். குருக்களுக்கு முன்னால் நின்ற மைக்கை எடுத்தான்.

“எல்லாரும் மன்னிக்கணும்ங்க” என்றான். மண்டபம் அடங்கியது. “சுபோ மேல ஒரு தப்பும் இல்லீங்க. இன்னைக்கி விடியக்காலைல ஒருத்தன் உள்ள புகுறதுக்குப் பாத்திருக்கான். அஞ்சு தரம் முயற்சி பண்ணியிருக்கான். ஆனா ஒரு தரம் கூட அவனால முடியல. அத சரி பண்ணத்தான் நான் அவங்க அறைக்குப் போனேன்.”

சபையில் எழுந்த சத்தத்தை என்னவென்று சொல்வது. நமசிவாயம் கதிரையோடு பின்னுக்குச் சாய்ந்தார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். பெரியப்பா சால்வையை உதறித் தோளில் போட்டார். “எழும்பு பிரணவன், எழும்பு” என்றார். சுபோதினி கண்களை மூடிக்கொண்டாள்.

“இல்லீங்க, நான் சொல்றது லப்டொப்புக்குள்ள! அவங்க லப்டொப்ப யாரோ தொறக்கப் பாத்து…” என்று கிருஷ்ணராஜ் கத்தினான். யாரும் கேட்கும் நிலையில் இல்லை.

ஒருவர் மட்டும் காது கொடுத்தார். முதல் வரிசையிலிருந்து அருந்ததி எழுந்தார். மெல்லப் படியேறி வந்தார். சுபோதினியை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். காலையிலிருந்து அவருடைய முகத்தில் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று இளகியது. குனிந்து, அவள் கன்னத்தில் மிச்சமிருந்த ஈரத்தைத் தன் சேலைத் தலைப்பால் ஒற்றினார். பிறகு கிருஷ்ணராஜின் கையிலிருந்து மைக்கை வாங்கிச் சபையைப் பார்த்து நிமிர்ந்தார்.

“ஒருத்தரும் என்ர மருமகளைப் பற்றி இனி வாய் திறக்கப்படாது! கள்ளத்தனம் உள்ள பெட்டையின்ர சாமான் இப்பிடி இறுக்கிப் பூட்டிக் கிடக்குமோ? எங்கட பிரணவன் இவளைச் சோதிச்சுப் பாப்பமெண்டு விடியவே எழும்பி, எங்கட கல்கிசை வீட்டுக்கு வந்த அவளின்ர சூட்கேசை உடைச்சு, லப்டொப்பை மடியில வைச்சு, அவளின்ர பிறந்தநாள், தன்ர பிறந்தநாள், குலதெய்வத்தின்ர பேர் எண்டு அஞ்சு தரம் அடிச்சுப் பாத்தவன், ஒண்டுக்கும் திறக்கேல்லை. அவ்வளவு அடக்க ஒடுக்கமான பிள்ளை இவள்!”